சூளைக்குள் போன கைகள்

விருத்தாசலம்,
ஜனவரி 20.

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அம்மா தனக்கோடி எழுதிக்கொள்வது.

நானும் அப்பாவும் இங்கே சுகம். டில்லிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் அப்பாவுக்கும் அரை நாள் பேச்சு. அதனால்தான் காகிதம் எடுத்தேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பதாக நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. அதிலும் எட்டாவதோடு நின்றவள் எழுத்து, நிதானமாகத்தான் படித்தாக வேண்டும்.

சரக்கு நேற்றுக் கிளம்பிவிட்டது. கைகளை ஒவ்வொன்றாகக் காகிதம் சுற்றி, வைக்கோல் திணித்து, ஊறுகாய் ஜாடி அனுப்புகிற மரப்பெட்டியிலேயே அடுக்கினோம். நான் கட்டிய பெட்டியில் இதுவரை எதுவும் உடைந்ததில்லை. இதுவும் உடையாது. அந்த முந்திரி மரத்தை ஏற்றுவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. வேப்பூர் வரை கூடவே போனேன், அங்கே லாரி மாற்றும்போது டிரைவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, 'ஏம்மா, டில்லியில வெறகு கெடைக்காதா' என்று கேட்டான். பல வருஷத்துக்கு முன் அடித்த 'தானே' புயலில் விழுந்த மரம் இது, என் மகள் இதைக் கண்காட்சியில் நிற்க வைத்து, கொட்டை தொங்க வேண்டிய இடத்திலெல்லாம் பீங்கான் கைகளைத் தொங்கவிடப் போகிறாள், நம் பக்கத்துச் செம்மண் காட்டில் முந்திரி வந்த கதையும் அதை உடைத்துப் பிழைத்தவர்கள் கதையும் அதில் இருக்கிறதாம் என்று நீ சொன்னதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். 'எங்க அப்பாரு தோப்பும் அந்தப் புயல்லதாம்மா போச்சு' என்றான். அதற்குப் பிறகு கயிறு கட்டும்போது தூங்குகிற பிள்ளையை நகர்த்துகிற மாதிரி நகர்த்தினான். ஆக, உன் வேலை ஒரு ஆளுக்காவது புரிந்துவிட்டது.

கைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகை மழையில் நம் பட்டறைக் கூரை ஒழுகி, அந்தப் பெண்களின் கைகளை வைத்து நீ எடுத்திருந்த பிளாஸ்டர் அச்செல்லாம் ஊறிக் கெட்டுப்போயிற்று. மறுபடி அவர்களைக் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி போகும், முதலில் சுட்டு வைத்திருக்கும் கைகளிலிருந்தே புது அச்சு எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னாய். அப்பாவும் எடுத்தார். மண் சூளைக்குள் போனால் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். சுட்டதிலிருந்து அச்சு எடுத்து மறுபடி சுட்டால் மறுபடியும் சுருங்கும். திருட்டுப் பொம்மையை இந்த ஊரில் கண்டுபிடிப்பதே இப்படித்தான் என்பது உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நம் குதிரைப் பொம்மையை விலைக்கு வாங்கி, அதிலேயே அச்சு எடுத்து விற்கிறவனின் குதிரை, நம் குதிரைக்குப் பக்கத்தில் நின்றால் அதன் குட்டி மாதிரி இருக்கும். பெட்டியில் வருகிற கைகளும் அப்படித்தான். நகம், ரேகை, கணுவில் வீக்கம், வெடிப்பு எல்லாம் அப்படியே இருக்கிறது. அளவு மட்டும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் கை.

பெட்டி கட்டுமுன் காசியம்மாளையும் மற்ற பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். முதனை ரோட்டில் இருக்கும் கோவிந்தராசுவின் முந்திரி ஷெட்டிலிருந்து, கொட்டை எண்ணெய் பிடிக்காமல் இருக்கச் சாம்பல் பூசிய கையோடு அப்படியே வந்தார்கள். பிளாஸ்டருக்குள் கை விட்டால் பிடித்துக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் பயந்து நின்றபோது, காசியம்மாள்தான் முதல் ஆளாகக் கையைக் கொடுத்து அவர்களையும் இழுத்து வந்தாள், நினைவிருக்கும். இப்போது தன் கையைத் தானே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 'என்னக்கா, என்னைக் கொழந்தையாக்கிட்டீங்க' என்றாள். இன்னொருத்தி, 'வயசுக்கு வரதுக்கு முந்தி என் கை இப்பிடித்தான் இருந்துச்சு, இப்ப மாதிரியே கறுத்தும் இருந்துச்சு' என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காசியம்மாளின் மகள் தமிழினி பதினொன்றாவது படிக்கிறாள். பள்ளி விட்டு வரும் வழியில் அம்மாவுக்கு டீ வாங்கி வருவாள். ஆனால் ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. வாசல் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த பெண்ணைக் காசியம்மாள் எல்லோர் முன்னாலும் முதுகில் இரண்டு வைத்தாளாம். 'நனைஞ்சா சளி புடிக்கும், உள்ள வந்தா கை போயிரும்' என்று சொன்னாளாம். நர்சுக்குப் படிக்க வைக்கப் போகிறாள்.

ஒரு யோசனை சொல்கிறேன், கேள். அந்தக் கைகளுக்குக் கீழே, இது இன்னாருடைய கை, வயது இவ்வளவு, சூளையில் சுருங்கியது என்று ஒரு சீட்டு எழுதி வை. பில் இல்லாமல் போகிற சரக்குக்கு வழியில் நிற்கிறவன் எல்லாம் ஒரு பெயர் சொல்வான். அது கலை, விளக்கினால் கெட்டுவிடும் என்று நீ சொல்வாய். எனக்கு அது தெரியாது. கடை மட்டும்தான் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. மாசி மகத்துக்கு வரப் பார்.

உன் அம்மா,
தனக்கோடி.


விருத்தாசலம்,
ஏப்ரல் 26.

பூர்ணிமாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. ஆனாலும் நலமாக இரு.

உன் படம் வந்த இங்கிலீஷ் பேப்பரைக் கோவிந்தராசு கொண்டுவந்து என் கல்லாவின் மேல் போட்டான். 'யக்கா, ஒங்க பொண்ணு என்னை டில்லி வரைக்கும் கொண்டுபோயிட்டா, பாருங்க' என்றான். படம் பெரிதாக இருக்கிறது. மரம் நிற்கிறது, கைகள் தொங்குகின்றன. அழகாக இல்லை என்று சொல்ல மாட்டேன். எதிர் மருந்துக்கடைக்காரர் படித்து அர்த்தம் சொன்னார். கிழவியின் ரேகை ஓடுகிற குழந்தைகளின் கைகள் என்று எழுதியிருக்கிறதாம். இந்தப் பிஞ்சு விரல்கள் இப்படிக் கிழடு தட்ட என்ன வேலை வாங்கியிருப்பார்கள் என்று எழுதியிருக்கிறதாம். படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் மேலே படியுங்கள் என்றேன்.

பெரியவர்கள் கையா, பிள்ளைகள் கையா என்று பேட்டி எடுத்தவர் கேட்டதற்கு, "இந்தக் கைகளுக்கு வயது இல்லை" என்று நீ சொன்னாயாம். ஏன் இல்லை? ஒவ்வொருத்திக்கும் ரேஷன் கார்டில் வயது இருக்கிறது. காசியம்மாளுக்கு நாற்பத்தொன்று.

கைக்குச் சொந்தக்காரிகள் பெயர் ஒன்றுகூட அங்கே இல்லை. ஆனால் நன்றி என்று போட்டு கோவிந்தராசுவின் ஷெட் பெயரை எழுதி வைத்திருக்கிறாய். அவன் சந்தோஷப்படுவான் என்று நல்ல மனதோடுதான் எழுதியிருப்பாய். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு யாரோ புகார் அனுப்பினார்கள். போன வாரம் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்கள். பிள்ளைகள் யாரும் இல்லை. இருந்தால்தானே. ஆனால் கையுறை இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, மருந்துப் பெட்டியில் மருந்து இல்லை, லைசென்ஸ் காலாவதி. கோவிந்தராசு யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. அவன் கஞ்சத்தனம் ஊருக்கே தெரியும். அதற்கெல்லாம் அவனைப் பிடித்தது சரி. ஆனால் அவர்கள் தேடி வந்தது அதை இல்லை. மேலே இருந்து கேள்வி வந்திருக்கிறது, படத்தில் கை இருக்கிறது, அந்தக் கையின் பிள்ளை எங்கே என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதிகாரி அம்மா ஒருவர் காசியம்மாளின் கையைப் பிடித்துப் படத்தோடு வைத்துப் பார்த்தாராம். கட்டைவிரலில் வெட்டுப்பட்ட தழும்பு அதேதான், நகம் அதேதான், அளவு மட்டும் வேறு. நல்ல விதமாகவே, 'பயப்படாம சொல்லும்மா, இது ஒன் பொண்ணு கையா' என்று கேட்டாராம். காசியம்மாள் வாயடைத்து நின்றுவிட்டாள். வாயடைத்து நின்றதையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஷெட்டுக்குச் சீல் வைத்தாயிற்று.

இப்போது அந்தப் பெண்கள் யாருக்கும் வேலை இல்லை. வேலை போனதைவிட மோசமாக இன்னொன்று நடந்துகொண்டிருக்கிறது. அவர்கள் காசியம்மாளோடு பேசுவதில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடத்தை எடுத்துவிடுகிறார்கள். 'கையக் குடு, கையக் குடுன்னு நீதானடி கூட்டிட்டுப் போன, டில்லிக்காரிகிட்ட என்னா வாங்குன' என்று நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். புகார் கொடுத்ததும் அவள்தான் என்று ஒரு பேச்சு. தமிழினியைப் பற்றியும் பேசுகிறார்கள். பெற்ற பிள்ளையைப் படிக்க வைப்பதாகச் சொல்லிக்கொண்டு திருட்டுத்தனமாக வேலை வாங்கினவள் என்று.

நேற்று என்னிடம் வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. 'அது என் கைதான்னு நான் சொன்னா நம்ப மாட்றாங்கக்கா, நீங்களாவது சொல்லுங்க' என்றாள். நான் போய்ச் சொன்னேன். பீங்கான் சுருங்குகிற கணக்கையும் சொன்னேன். நீங்கள் அந்தப் பெண்ணின் அம்மா, அப்படித்தான் சொல்வீர்கள் என்று ஆபீசில் மரியாதையாகவே சொன்னார்கள். செய்தவர் எழுதித் தரட்டும் என்றார்கள்.

ஆகவே நீ எழுத வேண்டும். ஒரு பக்கம் போதும். இவை வளர்ந்த பெண்களின் கைகள், இன்ன இன்னார், இரண்டு முறை சுட்டதால் சிறுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அந்தப் பேப்பருக்கும் எழுது. கூட்டம் வருவதும் பேச்சு நடப்பதும் ஒரு வேலைக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியாதது இல்லை. சென்னையில் ஒரு கடைக்காரர் இதே மாதிரிக் கை கிடைக்குமா என்று எனக்கே போன் செய்தார். வியாபாரி வாய், இல்லை என்று சட்டென்று வரவில்லை. பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஆனால் ஒன்று, நான் விற்கிற ஜாடியை வாங்குகிறவர் வெள்ளி என்று நினைத்துக்கொண்டு போனால், நான் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். சொன்னால் பாதிப் பேர் திருப்பிக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும்.

போனை எடு. அப்பா இரண்டு நாளாகச் சூளைப் பக்கம் போகவில்லை. கேட்டால் முதுகுவலி என்கிறார்.

அம்மா.


விருத்தாசலம்,
ஜூன் 22.

அன்பு மகளே,

போனில் நீ பேசியதற்குப் பதில் அப்போதே சொல்லியிருப்பேன். அதற்குள் நீ வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

இப்போது போய் நான் மறுத்தால் அந்த வேலை முழுவதும் பொய் என்று ஆகிவிடும் என்று சொன்னாய். நம் பக்கத்தில் பிள்ளைகள் கொட்டை உடைத்ததே இல்லையா, அது பொய்யா என்று கேட்டாய். "நீ ஒன்பது வயசுல ஒடச்சதில்லையாம்மா" என்று கேட்டாய்.

உடைத்தேன். முழுப்பரீட்சை லீவில் ஆரம்பித்தது, லீவு முடிந்த பிறகும் முடியவில்லை. காலையில் பள்ளிக்கூடம், திரும்பி வந்ததும் கல்லும் கட்டையும். கறுத்த கையைக் காட்ட வெட்கப்பட்டு ஸ்லேட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். கொட்டை எண்ணெய் பட்ட இடம் தோல் உரிந்து, ஒரு மாதத்தில் புதுத் தோல் வரும், அது நன்றாகத் தெரிவதற்குள் மறுபடி உரியும். அந்த வேலை வேண்டாம் என்றுதான் பொம்மைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். நீ பிறந்த பிறகும் ஏறி இறங்கினேன். அப்படிப் பார்த்தால் உன் மரத்தில் என் கையும் தொங்குகிறது, எந்தக் கிளையில் என்று எனக்குத் தெரியாது. அதற்குக் கீழே தனக்கோடி, வயது ஒன்பது என்று தாராளமாக எழுதிக்கொள். என் பெயரைப் போடு, ஊரைப் போடு, வேண்டுமானால் என்னை வரச் சொல், டில்லியில் நின்று நானே சொல்கிறேன். அது என் கை, நான் கொடுக்கலாம். காசியம்மாள் பதினைந்து வருஷமாகக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தாளே ஒரு பெண்ணை, அந்தப் பெண்ணின் கையாக அவள் கையைக் காட்டுவதற்கு உனக்கு யார் கொடுத்தது?

அதைவிட நீ தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. ஷெட்டைப் பூட்டினார்கள், முந்திரி நிற்கவில்லை. சீசனில் வந்த கொட்டை மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கோவிந்தராசு அதை வண்டியில் ஏற்றி வீடு வீடாக இறக்குகிறான். உடைத்து வைத்தால் வாரக் கடைசியில் வந்து பருப்பை எடுத்துக்கொண்டு போகிறான். வாடகை இல்லை, கரண்ட் இல்லை, கையுறை வாங்கித் தா என்று கேட்க ஆள் இல்லை. ஷெட்டை எப்போது திறப்பாய் என்று கேட்டேன். 'தொறந்து என்னாக்கா பண்றது, இதுவே சவுரியமா இருக்குது' என்கிறான். அவனும் வியாபாரி, நானும் வியாபாரி. அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா. இனிமேல் அவன் திறக்க மாட்டான். யாரைப் பிடிக்க ஜீப் வந்ததோ, அவனுக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை.

நம் தெருவுக்குப் பின்னால் சாயங்காலம் நடந்தால் வீட்டுக்கு வீடு டக் டக் என்று சத்தம். வீட்டுக்குள் மூட்டை வந்த பிறகு யார் உடைக்கிறார்கள் என்று எந்த அதிகாரி வந்து பார்ப்பார். அம்மா உடைக்கிறாள், பாட்டி உடைக்கிறாள், பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு வருகிற பிள்ளையும் உட்கார்ந்துகொள்கிறது. உன் பேப்பர்க்காரர் எழுதியபோது இது இல்லை. இப்போது இருக்கிறது.

கொஞ்சப் பேருக்குப் பண்ருட்டிப் பக்கம் வேறொரு ஷெட்டில் வேலை கிடைத்தது. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அங்கே கையுறை தருகிறார்களாம், கூலியும் பரவாயில்லையாம். காசியம்மாளை மட்டும் ஏற்றவில்லை. வேனில் இடம் இருக்கிறது. கூட வருகிற பெண்கள் வேண்டாம் என்கிறார்கள், அந்த முதலாளியும், 'கைய போட்டோவுக்குக் குடுத்த பொம்பளையா, அது வம்பு' என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் வேன் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுக் கேரியரோடு போய் நின்றாள். மூன்றாவது நாள் போகவில்லை.

அதனால் அவள் வீட்டிலும் கோவிந்தராசுவின் மூட்டை இறங்கியது. வாரத்துக்குள் முடிக்க ஒருத்தி கை போதாது. தமிழினி உட்கார்ந்துவிட்டாள். அம்மா சொல்லி இல்லை, தானாகவே. காசியம்மாள் அடித்திருக்கிறாள், கட்டையைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருக்கிறாள். அந்தப் பெண் எழுந்து போய் அதை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்ததாம். 'நீ ஒருத்தியே ஒடச்சி எப்ப முடிக்கிறது' என்று கேட்டதாம். அதற்கு மேல் காசியம்மாள் அடிக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பன்னிரண்டாவது. தமிழினி போகவில்லை.

போன சனிக்கிழமை ரேஷன் கடையில் அவர்களைப் பார்த்தேன். காசியம்மாளின் விரல் ரேகை அந்த மெஷினில் விழாது, பல வருஷமாக விழுவதில்லை. எப்போதும் தமிழினிதான் விரல் வைத்து அரிசி வாங்குவாள். அன்றைக்கு அவளும் வைத்தாள், விழவில்லை. கடைக்காரர் துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். விழவில்லை. அடுத்த விரல், அதற்கு அடுத்த விரல் என்று எல்லாம் வைத்துப் பார்த்தாள். கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்லி எப்படியோ அரிசி போட்டு அனுப்பினார். வெளியே வந்து நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். நுனியெல்லாம் தோல் உரிந்து வழவழவென்று இருக்கிறது. 'எரியுதாடி' என்று கேட்டேன். 'மொதல்ல எரிஞ்சுச்சு பெரியம்மா, இப்ப ஒண்ணும் தெரியல' என்றாள். காசியம்மாள் அந்தப் பக்கம் திரும்பி அரிசிப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த பிறகும் கட்டிக்கொண்டே இருந்தாள்.

படிப்புச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், வீட்டுக்கும் தருகிறேன், மூட்டையைத் திருப்பி அனுப்பு என்றேன். அவள் கோபப்படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'ஒங்ககிட்ட காசு வாங்குனா, காசு வாங்கிக்கிட்டுதான் கையக் குடுத்தான்னு அவங்க பேசுறது உண்மையாயிடும்க்கா' என்றாள். பிறகு, 'பூர்ணிமா வந்து எங்க தெருவுல நின்னு, இது காசியம்மா கைதான், இவ யாரையும் காட்டிக் குடுக்கல, பொண்ண வேலைக்கு வுடலன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும். வேன்ல ஏத்திக்குவாங்க. நான் வேலைக்குப் போனா இவ ஸ்கூலுக்குப் போவா' என்றாள். உன்மேல் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. சின்னப் பிள்ளையில் நீ அவள் மடியில் உட்கார்ந்து பருப்பு தின்றதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரைப் பார்த்தேன். இந்த மாதக் கடைசி வரைக்கும் தமிழினியின் பெயரை எடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவர் கையில் இல்லை.

அப்பாவுக்கு நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். வெளிநாட்டுக் கண்காட்சிக்கு இன்னொரு செட் கைகள் வேண்டும், அதே அச்சில், அதே அளவில் என்று கேட்டிருக்கிறாய். அளவு மாறக் கூடாது என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் பல தடவை படித்தேன். மழையில் அச்சு கெட்டது விபத்து. சுட்டதிலிருந்து அச்சு எடுக்கச் சொன்னது அவசரம். பேட்டியில் சொன்னது வாய் தவறியது என்று வைத்துக்கொண்டிருந்தேன். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே சொல்.

சூளையில் வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஏற்கனவே வைக்காமல்தான் இருந்திருக்கிறார். என் இத்தனை வருஷ வியாபாரத்தில் வந்த ஆர்டரைத் திருப்பியதில்லை, மகளின் ஆர்டரைத் திருப்புகிறேன். உனக்கு அந்த அளவில்தான் கை வேண்டுமென்றால் பழைய அச்சு எதற்கு. இங்கே வந்து தமிழினியின் கையைப் பிளாஸ்டரில் வை. மெலிந்த விரல் அவளுக்கு, ஒரு தடவை சுட்டாலே போதும். உன் பேப்பர்க்காரர் எழுதியதில் அப்புறம் ஒரு எழுத்துக்கூடப் பொய் இருக்காது. ரேகை மட்டும்தான் விழாது.

கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த வரிகளைக் கோடு போட்டு அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

நீ கெட்டவள் இல்லை. அந்த மரத்தைத் தேடி நீ அலைந்ததும், அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதும் நான் பார்த்ததுதான். டில்லியில் உன் பெயரை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்றால், கூடை தூக்கிய எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். அந்தப் பெயர் குறையத்தான் செய்யும், நீ வந்து சொன்னால். குறையாது என்று பொய் சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டேன். வெளிநாடு கூட நின்று போகலாம். ஆனால் நீ ஒரு நாள் அம்மா வீட்டுக்கு வரத்தான் வேண்டும். வரும்போது அந்தத் தெரு வழியாகத்தான் வர வேண்டும்.

ஜங்ஷனில் எந்த வண்டிக்கு வந்தாலும் நான் வந்து நிற்கிறேன். நேராக வீட்டுக்குப் போக வேண்டாம், முதலில் காசியம்மாள் வீட்டுக்குப் போய்விடலாம். நான் உன் பக்கத்திலேயே நிற்பேன், யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேச விடமாட்டேன். பேசினாலும் இரண்டு பேருமாகக் கேட்டுக்கொள்வோம்.

பழமலைநாதர் உன்னைக் காக்கட்டும். என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, நீ வந்தாலும் உண்டு, வராவிட்டாலும் உண்டு. அதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. டிக்கெட் மட்டும் நீதான் போட வேண்டும், அதை என்னால் போட முடியாது. மாதம் முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது.

உன் அம்மா,
தனக்கோடி.